நிபந்தனை நான்கு

துறைமுக வாசலுக்கு இன்னும் எண்பது வண்டி
என்றான் முன்னால் நிற்கிற டிரெய்லர்காரன்.
நேற்று மதியத்திலிருந்து எண்ணூர்ச் சாலையில் நிற்கிறேன்.
பெட்டிக்குள் என்னவென்று எனக்குத் தெரியாது,
சீல் நம்பர் மட்டும் தெரியும்.

போலீஸ் விரட்டியதில் யார்டுக்குள் திருப்பினேன்.
சீட்டுக் கிழிக்கிற ரீகன்
பன்னெண்டு மணி நேரத்துக்கு இருநூத்தம்பது என்றான்.
கொடுத்தேன்.
கடைசியில், செவுத்தோரம் போடுண்ணே.
நானும் அங்கேதான் போட நினைத்திருந்தேன்.

அங்கே சிமெண்டுத் தரையில்
ஒரு வட்டம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்,
மழை விட்டு மூன்று நாளானாலும் தண்ணீர் நிற்கும்.
கிணற்றைத் தூர்த்தவர்கள் அவசரத்தில் இருந்தார்கள்.
அதிலிருந்து கிழக்கே இருபத்தெட்டு அடி வைத்தால்
சர்வே எண் நூற்று நாற்பத்தொன்று, உட்பிரிவு மூன்று பி.
எழுபத்திரண்டு சென்ட்.
குள்ளம்மா, கணவர் பெயர் வரதன்.

என் அம்மா.

உச்சவரம்புக்கு மேல் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்
என்று சட்டம் ரெட்டியாரைக் கேட்டது.
அவர் கழிமுகத்துப் பக்கம் கை நீட்டினார்.
உப்புப் பூத்த மேடு, நத்தை ஓடு,
ஆடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்புகிற களர்.
அது உபரி.
அதைத்தான் எங்களுக்குப் பிரித்தார்கள்.

பந்தல் போட்டு, மைக்கில் பெயர் வாசித்து.
அம்மா மேடை ஏறியபோது நான் இடுப்பில் இருந்தேனாம்.
அவள் ரேகைக்குப் பக்கத்தில்
பட்டாவின் ஓரத்தில் ஒரு சின்ன மைக்கறை,
அது என் கை.

அப்புறம் நாலு வருஷம்
காகிதம் டிரங்குப் பெட்டியில் இருந்தது,
நிலத்தில் ரெட்டியார் மாடு இருந்தது.
அளந்து காட்ட வேண்டிய சர்வேயருக்கு
முதலில் சங்கிலி ரிப்பேர்,
பிறகு தேர்தல்,
பிறகு மஞ்சள் காமாலை.

வந்தார் ஒருநாள். கல் நட்டார்.
ஏரி வண்டலை அம்மா தலையில் சுமந்தாள்.
எத்தனை கூடை என்று கேட்டால் கோபம் வரும் அவளுக்கு.
மூன்றாம் வருஷம் களர்பாலை பிடித்தது,
ஐந்து மூட்டை.
அந்தத் தையில் அவள்
யார் களத்திலும் போய் முறத்தோடு நிற்கவில்லை.

பிறகு மின் நிலையம்.
சாம்பலைக் கரைத்துக்கொண்டு போகிற குழாய்
எங்கள் வரப்போரம் போனது.
ஒரு ராத்திரி அதன் மூட்டு விட்டது.
விடிந்து பார்த்தால் நாற்று இருந்த இடத்தில்
ஈயத் தயிர்.
கால் வைத்தால் முழங்கால்வரை.
மனு கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள்.
மறுபடி விட்டது. மறுபடி மனு.

அப்புறம்தான் நோட்டீஸ்.
ஒப்படை நிபந்தனை நான்கு:
தொடர்ந்து மூன்றாண்டு தரிசாகப் போட்டால்
ஒப்படை ரத்து செய்யப்படும்.
தரிசாக்கியது யார் என்று எழுத அதில் இடமில்லை.

அம்மா ஒரு படி விதைநெல்லை மடியில் கட்டிப் போய்
சாம்பல் மேலேயே விதைத்தாள்.
முளைக்காது என்று தெரியும்.
பயிர் வெக்கலன்னு எவனும் சொல்லக் கூடாது, என்றாள்.
புறாக்களுக்கு அன்றைக்கு நல்ல சாப்பாடு.
விசாரணைக்கு வந்த ஆர்.ஐ.
ஜீப்பிலிருந்து இறங்காமலே எழுதினார்,
பயிர் ஏதுமில்லை.

இருட்டில் அந்த வட்டத்தருகே நின்றேன்.
தண்ணீரில் டீசல், ஏழு நிறம்.
என்னண்ணே அங்கியே நிக்கிற, என்றான் ரீகன்.
ஒண்ணுக்கு, என்றேன்.

ஆறு மணிக்கு எட்த்துடணும்ணே, லேட்டானா இன்னொரு சீட்டு.
அவன் தகரக் கூண்டு நிற்பது மூன்று ஏ-யில்.
அது அவன் தாத்தா பேரில் இருந்தது.
யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.
நானும் சொல்லவில்லை.

ஐந்தரைக்கே எடுத்துவிட்டேன்.
வரிசை நாலு வண்டி நகர்ந்திருந்தது.